மடுல்சீமையிலிருந்து நல்லூர் வரை: ஒரு வாரக் கடைக்கு யார் விலை குறிக்கிறார்கள்?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பதுளை, பண்டாரவளை, ஹட்டன் போன்ற மலையக நகரங்களின் வீதியோரங்கள் மாறத் தொடங்கிவிடும். நான்கு கம்பு, ஒரு தறப்பாள், ஒரு மின்குமிழ், ஒரு மடிப்பு மேசை. சேலையும் சிறுவர் உடுப்பும் செருப்பும் வளையலும் பிளாஸ்டிக் சாமானும் வந்து குவியும். பண்டிகை முடிந்த மறுநாள் கம்புகள் கழற்றப்படும். எஞ்சுவது குப்பையும் சிலருக்குக் கடனும்தான்.

இந்தத் தற்காலிகக் கடைகளைப் பற்றி நாம் பேசுவது பெரும்பாலும் போக்குவரத்து நெரிசலை முன்னிட்டுத்தான். அல்லது நிரந்தரக் கடைக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கும்போது பேசுகிறோம். அந்தக் கடைக்கான இடத்தை யார், யாருக்கு, என்ன விலைக்கு, எந்த நிபந்தனையில் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை நாம் கேட்பது குறைவு. மடுல்சீமை போன்ற ஒரு தோட்டப்புற நகரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கேள்விதான் முதலில் கண்ணில் படுகிறது.

பசறைக்கு அப்பால் மலைமீது அமைந்த மடுல்சீமையைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள்தான். அங்குள்ள மக்கள் இந்தப் பருவகாலச் சந்தைக்குள் மூன்று விதமாக நுழைகிறார்கள். பெரும்பாலானவர்கள் வாங்குபவர்கள். கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் கடைச் சிப்பந்திகளாக வேலை செய்யும் இளைஞர்கள் இன்னொரு பகுதியினர். சொந்தமாக ஒரு மேசை போட்டு எதையாவது விற்றுப் பார்க்க நினைப்பவர்கள் மூன்றாவது பகுதியினர். இவர்களில் பெண்கள் கணிசமானோர். இந்த மூன்றாவது பகுதியினருக்குத்தான் வழி மிகவும் குறுகலாக இருக்கிறது.

பணம் வரும் நாளைத் தேடி வரும் கடை

தற்காலிகக் கடை ஓர் ஊருக்கு வருவதற்குக் காரணம் அந்த ஊரில் குறிப்பிட்ட நாளில் பணம் புழங்குவதுதான். தோட்டப்புறத்தில் அந்த நாட்களை முன்கூட்டியே சொல்லிவிடலாம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் வழங்கப்பட வேண்டும். ஆகவே 10ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் தோட்டப்புற நகரங்களில் கூட்டம். அதற்கு மேல் தீபாவளிக்கென ஒரு முற்பணம். அந்த முற்பணம் போனஸ் அல்ல. அடுத்து வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து தவணை முறையில் கழிக்கப்படும் கடன் அது.

ஆகவே தீபாவளிக் கடைகளில் புழங்குவது பெருமளவுக்குத் தொழிலாளியின் வருங்காலச் சம்பளம். அந்தப் பணத்தை நோக்கி மொத்த வியாபாரி வருகிறார், சில்லறை வியாபாரி வருகிறார், லொறிக்காரர் வருகிறார், இடத்தைக் குத்தகைக்கு எடுத்தவரும் வருகிறார். உள்ளூராட்சி மன்றமும் தன் பங்கை இடவாடகையாக எடுத்துக்கொள்கிறது.

அந்தச் சம்பளம் எவ்வளவு? 2021இல் சம்பளச் சபையின் ஊடாக நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ரூபாவாக உயர்த்தி, அரசாங்கத்தின் பங்காக 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்க்க முன்மொழிந்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு வீட்டலகு வருமான செலவு ஆய்வின்படி நாடு முழுவதற்குமான வறுமை வீதம் 14.3. தோட்டத்துறையில் அது 33.8. ஆய்வுக்குப் பின்னர் பெருந்தொற்றும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் வந்தன.

நாட்சம்பளம் மட்டும் போதாதபோது குடும்பத்தில் ஒருவர் வேறு வருமானம் தேட வேண்டியிருக்கிறது. தையல், பூ, பலகாரம், காய்கறி, கொழும்பிலிருந்து எடுத்துவரும் உடுப்புப் பொதி என்று எதையாவது விற்க நினைக்கும் ஒருவருக்கு நகரத்தில் நிரந்தரக் கடை எடுப்பதற்கான முற்பணம் எட்டாத தொகை. எனவே வாரச்சந்தையில் ஓர் இடமோ பண்டிகைக் காலத்தில் ஒரு மேசையோதான் அவருக்கு இருக்கும் ஒரே வாசல்.

இடத்தின் விலை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது

இலங்கையில் இத்தகைய இடங்கள் பொதுவாக இரண்டு வழிகளில் கைமாறுகின்றன.

முதலாவது, சந்தைக் குத்தகை. பிரதேச சபையோ நகர சபையோ வாரச்சந்தையின் வரி அறவிடும் உரிமையை ஆண்டுக்கு ஒருமுறை கேள்விப்பத்திரம் கோரிக் கூடிய தொகை குறிப்பிட்டவருக்கு வழங்கும். அவர் சபைக்குக் கட்டிய தொகையை ஆண்டு முழுவதும் வியாபாரிகளிடமிருந்து நாட்கட்டணமாகத் திரும்ப எடுக்க வேண்டும். துண்டுச்சீட்டில் எவ்வளவு அறவிடலாம் என்பதைச் சபை நிர்ணயிக்கலாம். ஆனால், அதிக விலை கேட்டுக் குத்தகை எடுத்தவருக்கு அந்த வரம்பைத் தாண்டும் தேவை எப்போதும் இருக்கும். இடத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி அதிகமானவர்களை உள்ளே விடுவதும் ஒரு வழி.

இரண்டாவது, பண்டிகைக் கால இட ஒதுக்கீடு. இங்கே சபை நேரடியாகவே நிலத்தை அளந்து, இலக்கமிட்டு, ஏலத்திலோ கேள்விப்பத்திரத்திலோ கட்டண அடிப்படையிலோ கொடுக்கிறது. பெரிய வியாபாரி ஒருவர் பல பெயர்களில் பல இடங்களை எடுத்துச் சிறிய வியாபாரிகளுக்குக் கூடிய விலைக்குக் கைமாற்றுகிறார் என்ற முறைப்பாடு இங்கே எழுகிறது. சபையின் பற்றுச்சீட்டில் ஒரு தொகை, மேசை போடுபவர் உண்மையில் கொடுப்பது வேறொரு தொகை. இடையிலுள்ள வித்தியாசம் எந்தக் கணக்கிலும் வராது.

இரண்டு வழிகளிலும் பணம் முன்கூட்டியே கட்டப்பட வேண்டும். வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இடத்தின் விலை மாறாது. சபை நட்டப்படுவதில்லை, குத்தகைக்காரர் அநேகமாக நட்டப்படுவதில்லை. மழை பெய்தாலும் வீதி மூடப்பட்டாலும் அந்த நட்டம் கடைசியில் நிற்பவரின் தலையில்தான் விழுகிறது.

ஒரு வாரக் கணக்கு

இதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை எந்த ஊரினதும் உண்மையான கட்டணங்கள் அல்ல, கணக்கின் அமைப்பைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்ட தொகைகள்.

ஏழு நாள் கடை. இடவாடகை நாளொன்றுக்கு 3,000 ரூபா என்றால் 21,000. சரக்கை ஏற்றி இறக்க வாகனச் செலவு 15,000. தறப்பாள், கம்பு, வெளிச்சம் 8,000. இரண்டு பேரின் சாப்பாடும் தங்குமிடமும் ஆளுக்கு நாளொன்றுக்கு 1,000 வீதம் 14,000. மொத்தம் 58,000 ரூபா.

உடுப்பு வியாபாரத்தில் விற்கும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் 25 ரூபா கையில் நிற்கும் என்று எடுத்துக்கொண்டால், செலவை ஈடுகட்ட மட்டும் 232,000 ரூபாவுக்கு விற்க வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 33,000 ரூபா. இரண்டு நாள் மழையில் போய்விட்டால் மீதி ஐந்து நாளிலும் நாளொன்றுக்கு 46,400 ரூபா. இதில் கடையில் நிற்கும் இருவருக்குக் கூலியே இல்லை. கொழுந்து பறிக்கப் போயிருந்தால் கிடைத்திருக்கும் 1,350 ரூபாவையாவது ஆளுக்கு ஒரு நாளுக்குச் சேர்த்தால் இன்னும் 18,900 ரூபா. அப்போது விற்க வேண்டிய தொகை 307,600 ரூபாவாகிறது. சரக்கை வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுத்திருந்தால் அதற்கு மேலும் ஒரு தொகை.

இதே கடையை இடைத்தரகரிடமிருந்து இரட்டிப்பு வாடகைக்கு எடுத்திருந்தால் மேலதிகமாக 21,000 ரூபா. அதை ஈடுகட்ட இன்னும் 84,000 ரூபாவுக்கு விற்க வேண்டும். மாறாக, மழை காரணமாகக் கடை திறக்க முடியாமற்போன இரண்டு நாளுக்கு இடவாடகை அறவிடப்படாவிட்டால் 6,000 ரூபா மிஞ்சும். இது 24,000 ரூபா விற்பனைக்குச் சமம். சபைக்கு இது பெரிய தொகையல்ல. ஆனால் ஒரு மேசைக்காரருக்கு அது கடனோடு வீடு திரும்புவதா, அடுத்த பண்டிகைக்கும் வருவதா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய தொகை.

யாருடைய நிலம், யாருடைய முகவரி

சரி, நகரத்துக்குப் போகாமல் தங்கள் ஊரிலேயே கடை போடலாமே என்று கேட்கலாம். தோட்டப்புற நகரத்தில் அதுவும் இலகுவல்ல. தோட்டக் காணி அரசுடையது. 1992இல் தொடங்கிய மாற்றத்தின் பின்னர் அது பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் இருக்கிறது. பிரதான வீதியின் ஓரம் வீதிக்குப் பொறுப்பான நிறுவனத்தினது. சந்தைத் திடல் பிரதேச சபையினது. ஒரு மேசை போடுவதற்கு இந்த மூன்றில் எந்த வாசலைத் தட்டுவது என்பதே முதலாவது சிக்கல்.

உள்ளூராட்சிக்கும் தோட்டத்துக்குமான உறவிலும் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவழிப்பதற்குத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாகத் தோட்ட மக்கள் சந்தையில் துண்டுச்சீட்டுக்குக் காசு கொடுத்தார்கள், சபைக்கு வாக்களித்தார்கள். அந்தப் பணம் தங்கள் லயத்துப் பாதைக்கு வரும் என்று எதிர்பார்க்க மட்டும் அவர்களால் முடியவில்லை.

அடுத்தது ஆவணம். வியாபாரப் பெயரைப் பதிவுசெய்ய வழமையாகக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் தொழில் நடக்கும் இடத்துக்கான உரிமையைக் காட்டும் ஆவணமும் தேவைப்படும். லயன் அறையில் வாழும் ஒருவரிடம் காணி உறுதி இல்லை. பல தோட்டங்களில் தனி வீட்டிலக்கமும் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, பிறகு ஆளைத் தேடி வர வேண்டும். கேள்விப்பத்திர அறிவித்தல் பத்திரிகையில் வந்து முடிவுத் திகதி தாண்டிய பிறகு செய்தி தோட்டத்தை எட்டினால், அந்த ஏலம் எல்லோருக்கும் திறந்திருந்தது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இதைக் கேட்பதற்கான அரசியல் இடமும் நீண்டகாலம் மூடியிருந்தது. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இடையில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். உள்ளூராட்சியை மேற்பார்வை செய்ய வேண்டிய மாகாண சபையின் நிலை இன்னும் மோசம். ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். அதன் காலம் 2019இல் முடிந்தது. வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தற்காலிகக் கடைகளுக்கான பொது விதிமுறை ஒன்றை மாகாண மட்டத்தில் உருவாக்கும்படி கேட்க வடக்கிலும் ஊவாவிலும் இன்று தெரிவுசெய்யப்பட்ட ஒருவரும் இல்லை.

எரிந்த கடைத்தெரு

பதுளையில் தமிழரின் கடை என்ற பேச்சு 1983ஐத் தொடாமல் முடியாது. கொழும்பில் வன்முறை தொடங்கி மூன்று நாட்களின் பின், ஜூலை 27ஆம் திகதி, பதுளைக் கடைத்தெருவுக்குள் திட்டமிட்டு நுழைந்த கும்பல் தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தது. தீ அயல் நகரங்களுக்கும் பரவியது. 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டவர்களில் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறினார்கள். 2009இல் அவர்களும் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்கள்தான். வன்னியில் இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலரின் குடும்பங்களுக்குப் பதுளை ஓர் அந்நியப் பெயர் அல்ல.

எரிந்த கடைகளில் சில மீண்டும் திறந்தன. சில கைமாறின. வியாபாரத்தில் ஒரு கடை போவது என்பது கட்டடமும் சரக்கும் போவதோடு முடிவதில்லை. மொத்த வியாபாரியிடம் இருந்த நாணயம், வங்கியில் இருந்த பெயர், வாடிக்கையாளரின் பற்றுக் கொப்பி, அடுத்த தலைமுறைப் பையன் தொழில் பழகும் இடம் எல்லாம் சேர்ந்தே போகின்றன. அவ்வாறான ஒரு கடையில் நின்று பழகியவர் பிறகு தனியாகக் கடை போடுவார். அந்தப் படிக்கட்டு உடைந்த இடத்தில் தற்காலிகக் கடையின் முக்கியத்துவம் கூடுகிறது. தொழில் பழகுவதும் கடன் நம்பிக்கை சம்பாதிப்பதும் ஒரு வார மேசையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அந்த மேசையையும் கூடிய விலை கேட்பவருக்கே கொடுத்தால் படிக்கட்டின் கடைசிப் படியும் இல்லாமற்போகும்.

நல்லூரும் முற்றவெளியும்

வடக்கில் இதே விடயம் வேறு முகத்தோடு இருக்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவம் 25 நாட்கள். அந்தக் காலத்தில் கோவில் சூழலில் தற்காலிகக் கடைகளுக்கு இடம் வழங்குவது யாழ்ப்பாண மாநகர சபையின் முக்கிய வருமானங்களில் ஒன்று. 2010 ஜனவரியில் தொடங்கிய யாழ்ப்பாணம் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி, கட்டணம் கட்டி மூன்று நாளுக்குக் கூடாரம் எடுக்கும் இன்னொரு வடிவத்தைக் கொண்டுவந்தது.

போருக்குப் பின் ஏ9 வீதி முழுமையாகத் திறந்தபோது தென்னிலங்கை வியாபாரிகள் யாழ்ப்பாண நகரின் நடைபாதைகளுக்கு வந்தார்கள். உள்ளூர் வியாபாரிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. இருபது, முப்பது ஆண்டுகள் குண்டுக்கும் தடைக்கும் இடையில் கடை நடத்தியவர்கள், மலிவான சரக்கும் பெரிய முதலும் உள்ளவர்களோடு ஒரே நாளில் போட்டியிட வேண்டியிருந்தது. வன்னியில் ஏ9 வீதியோரத்தில் இராணுவமே சிற்றுண்டிக் கடைகள் நடத்திய காலம் அது.

ஆனால் ‘வெளியூர் வியாபாரி’ என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். தென்னிலங்கை முதலாளியின் கூடாரத்தில் தமிழில் கூவி விற்கும் இளைஞன் மலையகத்திலிருந்து வந்தவனாக இருக்கலாம். அவனுக்குக் கூலி மட்டும்தான், கடை அவனுடையதல்ல. வெளியூர்க்காரரை முற்றாகத் தடுக்கும் விதி அவனைத்தான் முதலில் அடிக்கும், முதலாளி வேறு ஊருக்குக் கூடாரத்தை நகர்த்திவிடுவார். இதே விதியைப் பதுளையும் ஹட்டனும் கடைப்பிடித்தால் தீபாவளிக்குப் பனைவெல்லமும் ஒடியலும் நெசவுச் சேலையும் கொண்டுபோக நினைக்கும் வன்னிப் பெண்ணுக்கும் கதவு மூடும்.

வன்னியில் கணவரை இழந்த பெண்களின் உற்பத்திக் குழுக்களின் அனுபவம் இங்கே பொருந்தும். முதல் கண்காட்சிக்கு நிறுவனம் ஒன்று இடவாடகையைக் கட்டும், வாகனம் தரும், பதாகையும் அடித்துக் கொடுக்கும். திட்டம் முடிந்ததும் அந்த மேசையும் முடிந்துவிடும். உற்பத்திப் பயிற்சிக்குச் செலவிட்ட காசில் ஒரு சிறு பங்கையாவது, அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு நல்லூரிலோ கொழும்பிலோ ஓர் இடத்தை உறுதிப்படுத்தச் செலவிட்டிருக்கலாம். பொருள் இருந்தும் நிற்க இடமில்லாதவர்கள் கடைசியில் இடைத்தரகரிடம்தான் விற்கிறார்கள். வடக்கு, கிழக்கு உட்பட 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களில் 100,000 ரூபாவுக்குக் குறைந்தவற்றுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டிவந்தது. சுயதொழில் என்ற பெயரில் கடன் கொடுத்தவர்கள் அந்தத் தொழிலுக்குச் சந்தை எங்கே என்று கேட்கவில்லை என்பதையும் அது காட்டியது.

ஒரு வியாபாரியின் ஆண்டை எடுத்துப் பாருங்கள். ஜனவரியில் தைப்பொங்கல், ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு, மே மாதத்தில் வெசாக், ஜூலை, ஓகஸ்டில் கதிர்காமம், நல்லூர், மடு, ஒக்டோபர், நவம்பரில் தீபாவளி, டிசம்பரில் நத்தார். ஆண்டு முழுவதும் கடை இருக்கிறது, எந்த ஊரிலும் கடை இல்லை. ஒவ்வோர் ஊரிலும் புதிய விண்ணப்பம், புதிய பிணைவைப்பு, புதிய தரகர். பத்து ஆண்டுகள் ஒழுங்காக வாடகை கட்டியவருக்கும் நேற்று வந்தவருக்கும் கடதாசியில் எந்த வேறுபாடும் இல்லை.

வேறு இடங்களில் என்ன நடக்கிறது

மேற்கு நாடுகளில் குறுகிய காலத்துக்குக் கடை வாடகைக்கு எடுப்பது கடந்த இருபது ஆண்டுகளில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஒரு வர்த்தகப் பெயர் புதிய நகரத்தில் தன் பொருள் விலைபோகுமா என்று பார்க்க இரண்டு வாரம் ஒரு கடையை எடுக்கும். வெற்று இடங்களையும் எடுப்பவர்களையும் இணைக்க இணையத்தளங்களே இருக்கின்றன. இங்கிலாந்தில் 2024 டிசம்பரிலிருந்து ஒரு புதிய அதிகாரம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஓர் ஆண்டுக்கு மேல் வெறுமையாகக் கிடந்த கடையை, உரிமையாளர் தானாக வாடகைக்கு விடாவிட்டால், உள்ளூர் சபை ஏலத்தில் ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரையான வாடகைக்கு விடலாம். பூட்டிக் கிடக்கும் கடை ஊருக்கு நட்டம் என்ற எண்ணமே அதன் அடிப்படை.

நமக்கு நெருக்கமான பாடம் இந்தியாவில் இருக்கிறது. 2014இல் நிறைவேற்றப்பட்ட தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாதோர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். நடைமுறையில் பல நகரங்கள் பின்தங்கியிருந்தாலும், இடம் ஒதுக்கும் மேசையில் வியாபாரியும் உட்கார வேண்டும் என்பது சட்டமாகிவிட்டது. 2022இல் இந்திய ரயில்வே தொடங்கிய ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ திட்டத்தில் நிலையங்களில் உள்ளூர்க் கைவினைஞருக்கும் சுயஉதவிக் குழுக்களுக்கும் பெயரளவிலான கட்டணத்தில் சுழற்சி முறையில் குறுகிய காலத்துக்குக் கடை கொடுக்கிறார்கள். கூடிய விலை கேட்டவர் யார் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

1924இல் பதுளையை எட்டிய மலைநாட்டு ரயில் பாதை இன்று எல்லவுக்கும் தெமோதரைக்கும் வரும் வெளிநாட்டவரின் பாதையாகிவிட்டது. அந்த நிலையங்களில் ஊவாத் தேயிலையைப் பறித்தவர்களே அதைச் சிறு பொதிகளாக விற்க ஒரு மேசை ஏன் இருக்கக்கூடாது? மடுல்சீமைக்கு அருகே பிட்டமாறுவையிலுள்ள ‘சின்ன உலக முடிவு’க்கும் இப்போது கூடாரமடித்துத் தங்க உள்நாட்டுப் பயணிகள் வருகிறார்கள். அங்கே வார இறுதிச் சந்தை ஒன்றுக்குத் தேவைப்படுவது சமதரையும் குடிநீரும் மலசலகூடமும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதமும்தான்.

மழைக்காலத்தில் வரும் பண்டிகை

ஊவாவில் தற்காலிகக் கடைக்கு இன்னுமொரு ஆபத்து உண்டு. தீபாவளி எப்போதும் ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் வரும். பதுளை மாவட்டத்தில் பெருமழை தொடங்கும் காலமும் அதுவே. கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவு 2014 ஒக்டோபர் 29இல் நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘திட்வா’ சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வீதிகள் துண்டிக்கப்பட்டன, மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. அது தீபாவளி முடிந்து ஒரு மாதத்துக்குப் பின்னர் வந்தது. ஒரு மாதம் முந்தியிருந்தால் கடைத்தெருக்களில் தறப்பாளுக்குக் கீழே சரக்கோடு மக்கள் நின்றிருப்பார்கள்.

அனர்த்த நிவாரணப் படிவங்களில் வீடு இருக்கிறது, பயிர் இருக்கிறது, பதிவுசெய்த வியாபாரம் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு இடம் எடுத்தவரின் சரக்கு எந்தப் பத்தியில் வரும்? கையில் சபையின் பற்றுச்சீட்டும் இல்லாமல் தரகரின் வாய்ச்சொல்லில் இடம் எடுத்தவருக்கு அங்கே கடை இருந்ததற்கே ஆதாரமில்லை. இடைத்தரகர் முறையால் வரும் நட்டம் வாடகையோடு முடிவதில்லை என்பதை அனர்த்த நாளில்தான் அறிய வேண்டியிருக்கிறது.

இப்போதே கேட்கக்கூடியவை

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தற்போது தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் உள்ள ஒவ்வொரு சபையிலும் சாதாரணத் தீர்மானமாக நிறைவேற்றக்கூடிய சில விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது, பண்டிகைக் காலத்துக்கு ஒதுக்கப்படும் இடங்களில் ஒரு பங்கை ஏலத்திலிருந்து விலக்கி, நிலையான நாட்கட்டணத்தில், அந்தப் பிரதேசத்தின் சிறு வியாபாரிகளுக்கும் பெண்களின் குழுக்களுக்கும் குலுக்கல் முறையில் வழங்குவது.

இரண்டாவது, இடம் எடுத்தவரின் பெயர், இட இலக்கம், கட்டிய தொகை மூன்றையும் கடையின் முன்னால் எழுதி மாட்டச் செய்வது. மேல்வாடகைக்கு விடுவதைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. மொத்தப் பட்டியலைச் சபையின் அறிவித்தல் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டலாம். ஒட்டாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்கலாம்.

மூன்றாவது, மண்சரிவு எச்சரிக்கை காரணமாகவோ வீதி மூடப்பட்டதாலோ கடை திறக்க முடியாத நாட்களுக்கு வாடகையைத் திருப்பிக் கொடுப்பது.

நான்காவது, விண்ணப்பிப்பதற்குக் காணி உறுதி கேட்காமல் அடையாள அட்டையையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் ஏற்பது, அறிவித்தலைத் தோட்டங்களிலும் கோவில்களிலும் ஒட்டுவது.

ஐந்தாவது, ஒரு சபை வழங்கும் பற்றுச்சீட்டை மற்றச் சபைகள் அனுபவச் சான்றாக ஏற்பது. நல்லூரில் ஒழுங்காகக் கடை போட்டவருக்குப் பதுளையிலும், பதுளையில் போட்டவருக்கு மடுவிலும் அது ஓர் அறிமுகக் கடிதமாகட்டும்.

இவ்வளவுக்கும் எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. உள்ளூராட்சி மன்றங்களுக்கு வருமானம் குறைவு, ஏலத்தில் வரும் பணம்தான் குப்பை அள்ளவும் வீதிவிளக்குப் போடவும் உதவுகிறது. உண்மைதான். ஆனால் மேல்வாடகையாகத் தரகரின் கைக்குப் போகும் பணம் சபைக்கு வருவதில்லை. இடத்தை நேரடியாக, நியாயமான நாட்கட்டணத்தில் கொடுத்தால் சபையின் வருமானம் விழ வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிரந்தரக் கடைக்காரர்களின் கவலைக்கும் இதில் பதில் இருக்கிறது. எத்தனை கடை, எந்த இடத்தில், எத்தனை நாள் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருந்தால் அவர்களும் தங்கள் வியாபாரத்தைத் திட்டமிடலாம்.

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8ஆம் திகதி. இட ஒதுக்கீட்டுத் தீர்மானங்கள் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே எடுக்கப்பட்டுவிடும். முற்பணம் கைக்கு வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. அப்போது இடங்கள் எல்லாம் கைமாறியிருக்கும். உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி சிறியது: போன வருடம் எத்தனை இடம், யார் யாருக்கு, என்ன விலைக்கு?